நான் தேய்த்த பிளாக்கும் நான் போடாத ஹெட்டும்

என் கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் அடித்த பத்திரிகையில் என் பெயருக்குக் கீழே ‘இன்ஜினியர்’ என்று போட்டிருந்தது. கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் விமானத்திலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்து, பெட்டியைக்கூடத் திறக்காத நேரத்தில்தான் அதைப் பார்த்தேன். அதற்குள் எங்கள் ஊர் கோட்டக்குப்பத்தில் ஒரு வீடு பாக்கியில்லாமல் பத்திரிகை போய்ச் சேர்ந்துவிட்டது. என்னைப் பெற்ற அத்தாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை மாட்டிப் படித்துவிட்டு, “அவங்களா போட்டுக்கிட்டாங்க. நாம எதுக்குப்பா வீடு வீடாப் போயி பேனாவால அடிக்கணும்?” என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு பத்து வருஷம் ஓட்டினேன்.

வளைகுடாவில் நான் பார்த்த வேலையை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். அது பெரிய ஒர்க்‌ஷாப். மண் அள்ளும் வண்டி, ஜெனரேட்டர், லாரி என்று எது படுத்துக்கொண்டாலும் அங்கேதான் இழுத்து வருவார்கள். இன்ஜினின் உடம்பு பிளாக்கு. பிஸ்டன் ஏறி இறங்குவது அதற்குள். அதன்மேல் மூடிபோல உட்காருவது ஹெட்டு. இரண்டுக்கும் நடுவில் கேஸ்கெட் என்று ஒரு மெல்லிய தகடு. ஹெட்டு கெட்டால் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது வைக்க வேண்டும். புதிது வைப்பதற்கு முன்னால் பிளாக்கின் மேல்முகத்தில் ஒட்டிக் கிடக்கும் பழைய கேஸ்கெட்டையும் கரியையும் சுரண்டி, விரல் வைத்தால் வழுக்குகிற மாதிரி ஆக்க வேண்டும். அந்தச் சுரண்டுகிற ஆள் நான். ஒருவன் ஹெட்டைக் கழற்றிவிட்டுப் போவான். நான் சுரண்டுவேன். அப்புறம் இன்னொருவன் வந்து புது ஹெட்டை வைத்து முறுக்குவான். என் கைக்கு வரும்போதும் இன்ஜினுக்குத் தலை இருக்காது, என் கையைவிட்டுப் போகும்போதும் இருக்காது. பதிமூன்று வருஷத்தில் நான் தேய்த்த ஒரு இன்ஜின் ஓடிக் கண்ணால் பார்த்தது கிடையாது. அடுத்த கொட்டகையிலிருந்து சத்தம் கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

ஒரு நாள் அந்த ஒர்க்‌ஷாப்பை மூடினார்கள். எல்லோரும் ஊருக்குக் கிளம்பினோம். மற்றவர்கள் பெட்டியில் தைலமும் பிஸ்தாவும் பால்பவுடரும் அடுக்கினார்கள். நான் என் சுரண்டியையும், முழ நீளத்தில் ஒரு எஃகுச் சட்டத்தையும் லுங்கிக்குள் சுற்றி வைத்தேன். சட்டம் எதற்கென்றால், பிளாக்கின் முகம் மேடு பள்ளம் இல்லாமல் இருக்கிறதா என்று வைத்துப் பார்க்க. வீட்டில் பெட்டியைத் திறந்த என் மனைவி அந்தச் சுரண்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இது என்னங்க, தோசை திருப்பியா?” என்றாள். “டூல்ஸ்” என்றேன். அந்த ஒரு வார்த்தையில் அவள் அடங்கிவிட்டாள். இன்ஜினியர் பெண்டாட்டிக்கு அதற்குமேல் கேட்கத் தோன்றாது.

ஊருக்கு வந்த பிறகு பெரிய ஆபத்து ஒன்றும் வரவில்லை. அக்கம்பக்கத்தில் சிலர் மிக்ஸியையும் தண்ணீர் மோட்டாரையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். “நான் டீசல் மட்டும்தான் பார்ப்பேன்” என்று சொல்லி அனுப்பினேன். கோட்டக்குப்பத்தில் யார் வீட்டுக்குள்ளும் டீசல் இன்ஜின் இல்லை என்கிற தைரியம். என் மனைவியின் அண்ணன் மரக்காணத்தில் உப்பளம் குத்தகைக்கு எடுத்திருப்பது எனக்குத் தெரியும். அங்கே உப்புத் தண்ணீர் இறைக்க ரெட்டை சிலிண்டர் டீசல் இன்ஜின் ஒன்று இருப்பது மட்டும் தெரியாது.

நோன்பு தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருக்கும். மாசி வெயில் ஏற ஆரம்பித்த சமயம். விடியுமுன் சஹர் சாப்பிட்டு முடித்துத் தொழுதுவிட்டுக் கண்ணயர்ந்தவனை மச்சானின் போன் எழுப்பியது.

“மாப்ள, இன்ஜின் நின்னுபோச்சு. ரெண்டு ஹெட்டும் வெடிச்சிருக்குதாம். புது ஹெட்டு வாங்கி வச்சிட்டேன். இங்க ஒரு மெக்கானிக் இருக்கான், ஆனா நீங்க இருக்கும்போது நான் எதுக்கு ஊரான் கையில குடுக்கணும்?”

மறுப்பதற்கு நான் வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் படுத்திருந்தவள், “அவரு வர்றாருண்ணா” என்று என் போனில் சொல்லிவிட்டாள். குரலில் அவ்வளவு பெருமை. பத்து வருஷமாக அவள் காத்திருந்த நாள் அது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

சுரண்டியையும் சட்டத்தையும் பைக்கின் முன்னால் வைத்துக்கொண்டு ஈசிஆரில் கிளம்பினேன். பொம்மையார்பாளையம் தாண்டும்வரை வண்டி பஞ்சராகும் என்ற நம்பிக்கை இருந்தது. ஆகவில்லை. கடைசியாக டயர் மாற்றியதும் இதே மச்சான்தான், நல்ல டயராகப் போட்டுத் தொலைத்திருந்தார்.

உப்பளத்தின் ஓரத்தில், கடல் தண்ணீர் ஏறி நிற்கும் கழியை ஒட்டி, தென்னங்கீற்றுக் கொட்டகை. அதற்குள் இன்ஜின். வெளியே பாத்திகள் வரிசையாகப் பளபளவென்று கிடந்தன. தண்ணீர் ஏறாததால் வேலை நின்றுபோய், உப்பு வாருகிற பெண்கள் பதினைந்து பேர் கொட்டகை நிழலில் கூடைகளைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி ஒரு அம்மா. ஐம்பது வயதிருக்கும், உள்ளூர் விவசாயக் குடும்பம். யாரையும் நீ, வா, போ என்றுதான் பேசுவார். குத்தகைக்காரரான என் மச்சானையும் அப்படித்தான். நான் போய் நின்றதும் மேலும் கீழும் பார்த்தார்.

“நீதான் துபாய் இன்ஜினியரா? இன்னா இது, ரெண்டு துண்டு இரும்போட வந்துகீற?”

கழற்றுவதற்கு மட்டும் மச்சான் வரச்சொன்ன மெக்கானிக் ஏற்கெனவே வந்து இரண்டு ஹெட்டையும் கழற்றிக் கீழே வைத்திருந்தான். முப்பத்தைந்து வயது, காதில் பென்சில், நிற்க நேரமில்லாத முகம். இன்னும் மூன்று உப்பளத்தில் அவனுக்காக இன்ஜின்கள் காத்துக் கிடந்தன. ஹெட்டு எப்படி வெடித்தது என்று கேட்டேன்.

“உங்க மச்சானக் கேளுங்க பாய். இன்ஜின் சூடாவாம இருக்க நல்ல தண்ணி விடணும்னு தலதலயா அடிச்சிக்கிட்டேன். இவரு பம்புல வர்ற உப்புத் தண்ணிலயே ஒரு டியூபப் பிரிச்சு இன்ஜினுக்கும் விட்டிருக்காரு. உள்ள பூரா உப்பு விளைஞ்சு கெடக்குது.”

மச்சான் கழியின் பக்கம் திரும்பி, அங்கே ஏதோ பறவையை உற்றுப் பார்த்தார்.

மெக்கானிக் கை கிரைண்டரை எடுத்து, உப்புத்தாள் வட்டு ஒன்றை மாட்டி, பிளாக்கின் முகத்தை நோக்கிக் குனிந்தான். நான் என்னையறியாமல் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். அன்றைக்கு நான் செய்த ஒரே தைரியமான காரியம் அதுதான். அதையும் யோசித்துச் செய்யவில்லை.

“அத வைக்காதீங்க.”

“ஏன் பாய்? ரெண்டு நிமிஷத்துல வெள்ளி மாதிரி ஆயிடும்.”

“ஆவும். அந்த வட்டுல இருந்து உதிர்ற தூளு எங்க போவும்? சிலிண்டருக்குள்ள, ஆயில்ல, அப்புறம் பேரிங்ல. நோன்புக் கஞ்சியில ஒரு மணல் கடிபட்டா பல்லு என்னாவுது? அதுதான். இன்னொன்னு, வட்டு ஒரு எடத்துல கொஞ்சம் நின்னாலும் பள்ளம் விழுந்திடும். கேஸ்கெட் அங்கதான் முதல்ல ஊதிக் கிழியும்.”

இத்தனை வார்த்தை நான் சேர்ந்தாற்போல் பேசி வருஷக்கணக்காகியிருந்தது. மெக்கானிக் கிரைண்டரை அணைத்தான்.

“சரி பாய். கையால தேய்ச்சா இன்னிக்கு முடியாது. நீங்க தேய்ங்க. நான் மத்த எடத்த முடிச்சிட்டு நாளைக்குக் காலையில வந்து பாக்கறேன்.”

“நாளைக்கு நீ எதுக்குப்பா?” என்றார் மச்சான். “மாப்ளயே ஹெட்டையும் போட்டுடுவாரு.”

மெக்கானிக் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டான். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அது நோன்பினால் இல்லை.

தேய்க்கும் வேலை மட்டும் எனக்குத் தெரியும், அதனால் தேய்க்க ஆரம்பித்தேன். முதலில் ஓட்டைகளையெல்லாம் அடைக்க வேண்டும். மச்சானின் பழைய கட்டம்போட்ட லுங்கி ஒன்று கொடியில் கிடந்தது. அதைக் கிழித்து, சிலிண்டர் இரண்டிலும் பெரிய துண்டுகளாகத் திணித்தேன். தண்ணீர் போகும் துவாரங்களிலும், எண்ணெய் போகும் துவாரங்களிலும் சின்னச் சின்னத் துண்டுகளை விரலால் அழுத்தி இறக்கினேன். அதன் பிறகு சுரண்டியைப் படுக்கவைத்துப் பிடித்து, முன்னால் தள்ளித் தள்ளி, பழைய கேஸ்கெட்டைப் பெயர்த்தேன். அது கருகிப்போன தோசைபோல ஒட்டியிருந்தது. அவசரப்பட்டுச் சுரண்டியின் மூலை குத்தினால் கீறல் விழும். அதனால் ஒரு உள்ளங்கை அகலத்தைச் சுத்தமாக்க அரை மணி நேரம் ஆனது.

தலைவியம்மா கூடையை நகர்த்தி என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்.

“இன்னா பாய், அதுக்குப் பல்லு வெளக்கி வுடுறியா?”

“சுத்தமா இல்லன்னா புது ஹெட்டு சரியா உக்காராதும்மா.”

“அந்தப் பையன் உப்புத்தாள் போடுறேன்னான், நீ வாணாம்னுட்ட. இத்தினி உப்பு கெடக்குது, ஒரு தாளு போட்டா இன்னா ஆயிடப் போவுது?”

உப்புத்தாளுக்கும் உப்புக்கும் சம்பந்தமில்லை, அது ஒரு பெயர் மட்டும்தான் என்று விளக்கினேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. உப்பு இல்லாமல் எதற்கு அந்தப் பேர் வைத்தான் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. “இன்ஜினியருக்கே தெரியலயாம்” என்று பின்னால் இருந்த பெண்களிடம் அறிவித்தார். அவர்கள் சிரித்தார்கள். மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. அவர் மாப்பிள்ளையின் மரியாதையைக் காப்பாற்ற, “அவங்க ஊருல அதெல்லாம் யூஸ் பண்றதில்ல” என்றார்.

மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து போல்ட் ஓட்டைகளில் இறங்கினேன். மொத்தம் பன்னிரண்டு. அடி அடைத்த ஓட்டைகள். அவற்றில் உப்புத் தண்ணீர் தேங்கி, அடியில் உப்புக் கட்டியாக உறைந்திருந்தது. அதை அப்படியே விட்டு போல்ட்டை முறுக்கினால் தண்ணீருக்குப் போக்கிடம் இருக்காது, பிளாக்கே பிளந்துவிடும். உப்புக்கட்டி இருந்தால் போல்ட் அதில் முட்டி நின்றுகொண்டு, இறுகிவிட்ட மாதிரி நடிக்கும். இந்த ஓட்டைகளைச் சுத்தம் செய்வதில்தான் ஒர்க்‌ஷாப்பில் எனக்குப் பழக்கம் அதிகம். ஆனால் அங்கே காற்றடிக்கும் குழாய் இருந்தது, இங்கே ஒன்றும் இல்லை. ஸ்பேனரைத் தேடுவதுபோல நான் சுற்றிச் சுற்றிப் பார்த்ததைத் தலைவியம்மா கவனித்துவிட்டார். எழுந்து கொட்டகைக் கீற்றிலிருந்து நாலு ஈர்க்குச்சியை உருவி, நுனியில் துணியைச் சுற்றிக் கொடுத்தார்.

“புள்ளைக்கு காது தொடைக்கிறாப்பல தொடை.”

நல்ல யோசனை. குச்சியால் உப்பைக் கிளறி, நல்ல தண்ணீர் சொட்டுவிட்டுக் கரைத்து, துணியில் ஒற்றி எடுத்தேன். கடைசியில் மிஞ்சுகிற ஈரத்தை வெளியேற்ற, கிளம்பும்போது வழியில் பஞ்சரானால் உதவும் என்று என் மனைவி வண்டியில் கட்டி அனுப்பிய சைக்கிள் பம்பை ஓட்டையில் வைத்து ஒரு அடி அடித்தேன். உள்ளே இருந்தது முழுவதும் பீச்சிக்கொண்டு வந்து என் வாயில் விழுந்தது. அந்தச் சுவையை எப்படிச் சொல்ல? கருவாட்டுத் தொட்டியில் டீசலை ஊற்றி ஆற வைத்த மாதிரி.

அப்படியே வாயை மூடாமல், விழுங்காமல், தலையைக் குனிந்து நின்றேன். நோன்பு போய்விட்டதா இல்லையா என்பதுதான் முதல் கவலை.

“துப்புய்யா” என்றார் தலைவியம்மா.

துப்பினேன். மச்சான் ஓடிவந்தார். “முழுங்கினீங்களா?”

“இல்ல.”

“ஒரு சொட்டும்?”

“தெரியல மச்சான்.”

“தெரியாம போனது கணக்கில்ல” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். உப்பளத்துக்குத் தண்ணீர் வராமல் அவருக்கு ஒவ்வொரு மணி நேரமும் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அந்த நிலையில் நான் ஒரு அண்டா மோரைக் குடித்திருந்தாலும் கணக்கில்லை என்றுதான் சொல்லியிருப்பார்.

மிச்சம் பதினோரு ஓட்டைக்கும் பம்பை வைத்து, மேலே துணியைப் போர்த்தி அடித்தேன். சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்துக்குள் முகம் முழுவதும் சுத்தமாகிவிட்டது. சட்டத்தை நெட்டாகவும் குறுக்காகவும் மூலைக்கு மூலையும் வைத்து, கீழே கண்ணை வைத்துப் பார்த்தேன். எங்கும் வெளிச்சம் கசியவில்லை. இளஞ்சாம்பல் நிறத்தில், தடவினால் பட்டு மாதிரி இருந்தது. ஒர்க்‌ஷாப்பில் இந்த நிமிஷத்தில் நான் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு அடுத்த இன்ஜினுக்குப் போய்விடுவேன். இங்கே அடுத்த இன்ஜின் இல்லை. மச்சான் புது ஹெட்டு ஒன்றைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து என் எதிரில் நின்றார்.

“வைங்க மாப்ள.”

நான் ஹெட்டைப் பார்த்தேன். பிறகு அவரைப் பார்த்தேன். போல்ட்டுகளை எந்த வரிசையில் முறுக்க வேண்டும், எவ்வளவு முறுக்க வேண்டும், வால்வுக்கு எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. தெரிந்த மாதிரி வைத்துவிட்டு, அது வெடித்த பிறகு சொல்வதைவிட இப்போதே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அவரைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனேன். ஹெட்டையும் தூக்கிக்கொண்டே வந்தார்.

“மச்சான், நான் ஹெட்டு போட்டதில்ல.”

“இந்த மாடல் போட்டதில்லயா?”

“எந்த மாடலும் போட்டதில்ல. பதிமூணு வருஷமா நான் இதத் தேய்க்கிற வேல மட்டும்தான் பாத்தேன். இன்ஜினியர்லாம் கெடயாது.”

அவர் முகத்தில் கோபத்தை எதிர்பார்த்தேன். தங்கையை ஏமாற்றிக் கட்டிக்கொண்டாயே என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் மெதுவாகக் குனிந்து ஹெட்டை மணலில் படாமல் ஒரு சாக்கின்மேல் வைத்தார். நிமிர்ந்து, சுற்றி யாரும் இல்லையா என்று பார்த்தார்.

“வீட்ல சொல்லிடாதீங்க.”

“யாரு வீட்ல?”

“ரெண்டு வீட்லயும்தான். தங்கச்சி அப்ப எந்த மாப்ளயப் பாத்தாலும் வேணாம் வேணாம்னு சொல்லிட்டு இருந்துச்சு. இன்ஜினியர்னு நாந்தான் அடிச்சு வுட்டேன். பத்திரிகைக்கு எழுதிக் குடுத்ததும் நாந்தான்.”

“அப்ப நான் இன்ஜினியர் இல்லன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். ஆனா பத்து வருஷமா எல்லாரும் சொல்லிச் சொல்லி, நடுவுல எனக்கே மறந்துபோச்சு மாப்ள. இல்லாட்டி உங்கள எதுக்குக் கூப்புடப் போறேன்?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. ஆனால் பெண்கள் கேட்டுவிடுவார்களே என்று இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு, வயிறு குலுங்கச் சிரித்தோம். நோன்பு வயிற்றோடு சிரித்தால் விலா வலிக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் எனக்கு இருந்த இறுக்கம் அந்தச் சாக்குக்குப் பக்கத்திலேயே கழன்று விழுந்துவிட்டது. போனை எடுத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டார். நாளைக்குக் காலையில் வந்துவிடு, மாப்பிள்ளைக்கு நோன்பு, கனமெல்லாம் தூக்க முடியாது என்றார். பொய் சொல்லும்போது அவருக்குக் குரல் பிசிறுவதே இல்லை.

மறுநாள் காலையில் மெக்கானிக் வந்து பிளாக்கின் முகத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு இழுத்தான். எங்கேயும் நகம் தட்டவில்லை. சிலிண்டர்களிலிருந்த பெரிய துணிகளை நானே உருவி எடுத்தேன். ஓட்டை ஓட்டையாக அவன் டார்ச் அடித்துப் பார்த்தான்.

“போல்ட்டு ஓட்டைக்குள்ள இப்டி வெளிச்சத்த நான் பாத்ததே இல்ல பாய்” என்றான்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பதிமூன்று வருஷத்தில் அந்த வேலையைப் பார்த்து ஒருவர் நின்று ஒரு வார்த்தை சொன்னது அதுதான் முதல்முறை.

அவன் கேஸ்கெட்டை வைத்தான், ஹெட்டுகளை வைத்தான், நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மூன்று சுற்றில் போல்ட்டுகளை முறுக்கினான். நான் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டேன். நல்ல தண்ணீருக்கு ஒரு டிரம் வைத்து டியூப் இணைத்தான். இன்ஜினுக்குக் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினான். மச்சான் பிஸ்மி சொன்னார். இரண்டு பக்கத்துச் சிபாரிசும் வாங்கிக்கொண்டு இன்ஜின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. கழித் தண்ணீர் வாய்க்காலில் பாய்ந்தது. பெண்கள் கூடைகளை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். நான் தேய்த்த ஒரு இன்ஜின் ஓடுவதை என் கண்ணால் பார்த்தேன்.

அந்தப் பெருமை பத்து நிமிஷம் நீடித்தது. முன்பக்க ஹெட்டுக்கு மேல் ஆவி பறந்தது. மெக்கானிக் திரும்பி வரும் டியூப்களைத் தொட்டுப் பார்த்தான். ஒன்று சூடாக இருந்தது, இன்னொன்று ஜில்லென்று இருந்தது. உடனே இன்ஜினை நிறுத்தினான்.

“முன் ஹெட்டுக்குத் தண்ணியே ஏறல பாய்.”

ஹெட்டு ஆறும்வரை காத்திருந்து, மறுபடி கழற்றினான். கேஸ்கெட்டை எடுத்துவிட்டு, தண்ணீர்த் துவாரத்துக்குள் மூக்கு இடுக்கியை விட்டு இழுத்தான். கட்டம்போட்ட லுங்கித் துண்டு ஒன்று நனைந்து சுருண்டு வெளியே வந்தது. அதை இடுக்கியிலேயே தூக்கிப் பிடித்தபடி எங்கள் எல்லோரையும் பார்த்தான்.

“அது எங்காளு லுங்கியாச்சே” என்றார் தலைவியம்மா, மச்சானைக் காட்டி.

ஒர்க்‌ஷாப்பில் துணி அடைப்பது என் வேலை. எடுப்பது ஹெட்டு போடுகிறவன் வேலை. பதிமூன்று வருஷம் நான் அடைத்திருக்கிறேனே தவிர ஒரு துணியையும் எடுத்ததில்லை. கண்ணுக்குத் தெரிந்த பெரிய துணிகளை மட்டும் நான் எடுத்தேன். விரலால் அழுத்தி இறக்கிய சின்னத் துண்டுகளில் மற்றதையெல்லாம் மெக்கானிக் டார்ச்சில் பார்த்து எடுத்திருக்கிறான். இது ஒன்று மட்டும் ஆழமாகப் போய்க் கருப்போடு கருப்பாகக் கிடந்திருக்கிறது. இதையெல்லாம் நான் அங்கே விளக்கவில்லை. மணலையும் பல்லையும் பற்றி முந்தின நாள் பிரசங்கம் செய்தவன் லுங்கியை உள்ளே வைத்துத் தைத்த பிறகு என்ன விளக்குவது? காது மடல் சுட்டது. “என் தப்புதான்” என்றேன்.

மெக்கானிக் துணியைக் கீழே போட்டான். “தூளு போவக் கூடாதுன்னீங்க பாய். துணி போவலாம்னு சொல்லல” என்றான். அதற்குப் பிறகு அவனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கொட்டகையே சிரித்தது. மச்சான் புதுச்சேரிக்குப் போய்ப் புதுக் கேஸ்கெட் வாங்கி வர மதியம் ஆகிவிட்டது. அதற்குள் நான் முகத்தை மறுபடி துடைத்து, ஓட்டைகளை மறுபடி ஒற்றி, இந்த முறை ஒவ்வொரு துணித் துண்டையும் வெளியே எடுத்துச் சட்டத்தின்மேல் வரிசையாக அடுக்கி வைத்தேன். தலைவியம்மா பக்கத்தில் நின்று எண்ணினார். அஸருக்கு முன் இன்ஜின் ஓடியது. இரண்டு டியூப்பிலும் சூடு சமமாக இருந்தது. இருட்டும்வரை ஓடியது. கோடை முழுவதும் ஓடியது.

இன்ஜின் ஓடிய நாளிலிருந்து மூன்று வாரம் கழித்து, பெருநாள் முடிந்த மூன்றாம் நாள், மெக்கானிக் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். கழிக்கு அக்கரையில் ஒரு உப்பளத்தில் ஹெட்டு மாற்ற வேண்டுமாம். “தேய்க்கிறது நீங்க, போடறது நான். எனக்கும் வேல மிச்சம், இன்ஜினும் ரொம்ப நாள் உழைக்கும்” என்றான். என் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் போன பிறகு வந்தாள்.

“தேய்க்கிறதுன்னா?”

இனி மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அண்ணன் சொன்னதை மட்டும், அவர் கேட்டுக்கொண்டதற்காக, விட்டுவிட்டேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுவாளோ என்று பயந்தேன். பிறகு, “பதிமூணு வருஷமா தேய்ச்சீங்க. நான் இந்த வீட்ல ஒரு பாத்திரம் தேய்ச்சித் தாங்கன்னு கேட்டா, கை வழங்காதுன்னீங்க” என்றாள். உள்ளே போய், பெருநாளைக்கு அடி பிடித்த பிரியாணி அண்டாவைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்தாள்.

அதைத் தேய்க்க ஒரு சாயங்காலம் ஆனது. சுரண்டியைப் படுக்கவைத்துத்தான் தேய்த்தேன். கீறல் விழவில்லை. அவள் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரிக்குக் காட்ட எடுத்துக்கொண்டு போனாள்.

இப்போது வாரத்தில் மூன்று நாளாவது மரக்காணம் போகிறேன். பம்ப் இன்ஜின், படகு இன்ஜின், டிராக்டர் என்று எது வந்தாலும் மெக்கானிக் ஹெட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போவான், நான் தேய்த்து வைப்பேன். ஒரு தடவை, “நீங்களே ஒரு ஹெட்டு வச்சிப் பாருங்க பாய், நான் சொல்லித் தர்றேன்” என்றான். வேண்டாம் என்றேன். அவன் வற்புறுத்தவில்லை. இன்ஜின் பிடிக்கிற நேரத்தில் மட்டும் கொட்டகையைவிட்டுப் போகாமல் பக்கத்திலேயே நிற்கிறேன்.